சாக்கெட் இருந்த காலம்: டெல்லி நேரு பிளேஸும் மடிக்கணினிப் பழுதுத் தொழிலும்

பழைய மடிக்கணினியைத் திறந்து, அதிலுள்ள மெதுவான பிராசசரை எடுத்துவிட்டு வேகமான ஒன்றைப் பொருத்தி, அந்த வேகத்தைத் தாங்கும்படி ஹீட்சிங்க்கையும் ஃபேனையும் சீர்செய்து தரும் தொழில் டெல்லி நேரு பிளேஸில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செழித்தது. 2003-ஐ ஒட்டித் தொடங்கிய அந்தக் காலம் 2014-க்குப் பின் மெல்ல மங்கியது. மதர்போர்டில் பிராசசர் கழற்றி மாட்டும்படி ஒரு சாக்கெட்டில் அமர்ந்திருந்த வரை தொழில் நடந்தது. உற்பத்தியாளர்கள் பிராசசரைப் பலகையிலேயே பற்றவைத்துவிட்ட பிறகு அதன் அடிப்படையே போயிற்று. எஞ்சியது குளிர்விக்கும் வேலை. டெல்லியின் வெயிலும் தூசும் அதற்குக் குறைவு வைக்கவில்லை.

நேரு பிளேஸைக் கட்டியவர்கள் கணினியை மனத்தில் வைத்துக் கட்டவில்லை. 1962-இல் நடைமுறைக்கு வந்த டெல்லியின் முதல் பெருந்திட்டம், கன்னாட் பிளேஸிலும் பழைய டெல்லியிலும் குவிந்திருந்த வணிகத்தை நகரின் மற்றப் பகுதிகளுக்கும் பிரித்துவிட 'மாவட்ட மையங்கள்' என்ற ஏற்பாட்டை முன்வைத்தது. அப்படி உருப்பெற்றவற்றுள் பெரியவற்றில் ஒன்று, தெற்கே கால்காஜி கோயிலுக்கு அருகில் டெல்லி வளர்ச்சி ஆணையம் எழுப்பிய நேரு பிளேஸ். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே அடுக்குமாடி அலுவலகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நடுவே வாகனம் நுழையாத அகன்ற தளம், அதைச் சுற்றிக் கடைகள், மேல்மாடிகளில் அலுவலகங்கள் என்பது அதன் அமைப்பு. துணிக்கடைகளும் நிறைய இருந்தன. இன்றும் துணி எடுப்பதற்காகவே நேரு பிளேஸுக்குப் போகிறவர்கள் உண்டு.

அங்கே கணினி வந்து சேர்ந்த வரலாற்றில் தமிழர் ஒருவருக்கு முக்கிய இடம் உண்டு. திருச்செந்தூர் அருகே மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த ஷிவ் நாடார், டெல்லியில் டிசிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1976-இல் அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி உள்ளிட்ட சக ஊழியர்களோடு வெளியே வந்து தொழில் தொடங்கினார். அதுவே எச்சிஎல் ஆயிற்று. 1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது உண்டான இடைவெளியில் எச்சிஎல் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் வளர்ந்தன. நேரு பிளேஸின் 96-ஆம் எண் சித்தார்த் கட்டடம் எச்சிஎல்லின் முகவரியாக நிலைத்தது. ஒரு பெரிய கணினி நிறுவனம் இருக்கும் இடத்தைச் சுற்றி ரிப்பன், நாடா, தாள், உதிரிபாகம் விற்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் சேர்வது இயல்பு. மேல்மாடியில் கணினி விற்ற காலத்திலேயே கீழ்த்தளத்தில் அதற்கான சந்தை முளைத்துவிட்டது.

பழுது பார்க்கும் கைத்திறன் டெல்லிக்கு அதற்கும் முந்தியது. செங்கோட்டைக்கு எதிரே பிரிவினை அகதிகளுக்காக அமைந்த லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வானொலிப் பாகங்களும் பின்னர் டிரான்சிஸ்டர், டேப்ரெக்கார்டர், தொலைக்காட்சிப் பாகங்களும் விற்றன. கரோல் பாகில் எல்லைக் காந்தியின் பெயரால் அமைந்த கஃபார் மார்க்கெட்டும் அகதிகளின் கடைகளாகத் தொடங்கி, வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்கும் பிற்காலத்தில் செல்போன் பழுதுக்கும் பெயர்பெற்றது. சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், ஒரு பொருளின் எந்தப் பாகம் வேறு எந்தப் பொருளில் ஒத்துப்போகும் என்று அறிந்தவர்கள் இந்தச் சந்தைகளில் இரண்டு தலைமுறைகளாக இருந்தார்கள். சென்னையின் ரிச்சி தெருவும் வானொலிப் பாகங்களில் தொடங்கிக் கணினிக்கு வந்த தெருதான்.

அரசின் கொள்கை மாற்றங்கள் இந்தத் திறனுக்கு வேலை கொடுத்தன. ராஜீவ் காந்தி பிரதமரான சில வாரங்களில், 1984 நவம்பரில், புதிய கணினிக் கொள்கை அறிவிக்கப்பட்டது. பாகங்களை இறக்குமதி செய்து இங்கேயே பூட்டி விற்பது எளிதாயிற்று. 1991-க்குப் பிறகு தைவானிலிருந்து மதர்போர்டுகள் வந்து குவிந்தன. நிறுவனப் பெயர் எதுவும் இல்லாத 'அசெம்பிள்டு' கணினி, பெயருள்ள கணினியைவிட மலிவாகக் கிடைத்தது. வாடிக்கையாளர் பிராசசர், ரேம், ஹார்டு டிஸ்க் என்று தாளில் எழுதிக்கொண்டு கடை கடையாக விலை கேட்பார். மாலைக்குள் பெட்டி தயாராகிவிடும். ரசீதில்லாத சரக்கும் திருட்டு மென்பொருள் சிடிக்களும் கூடவே வந்தன. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் கள்ளச்சரக்குச் சந்தைப் பட்டியலில் நேரு பிளேஸின் பெயர் பல ஆண்டுகள் இடம்பெற்றது அதனால்தான். அந்தப் பட்டியல் சொல்லாமல் விட்ட மறுபக்கம் ஒன்றும் உண்டு. டெல்லியின் ஊடகப் பண்பாட்டைப் பற்றி 2009-இல் நூல் எழுதிய ஆய்வாளர் ரவி சுந்தரம், நேரு பிளேஸ் போன்ற இடங்களை நவீனத் தொழில்நுட்பம் பணமில்லாதவர்களின் கைக்கும் எட்டிய வழியாகப் பார்த்தார். அசெம்பிள்டு கணினி ஒரு பழக்கத்தையும் உண்டாக்கியது: வாங்கிய பொருளைத் திறக்கலாம், அதன் பிராசசரை மாற்றலாம் என்பதில் டெல்லியின் வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் தயக்கம் இல்லாமல் போயிற்று.

மடிக்கணினி இந்தப் பழக்கத்துக்குள் தாமதமாகவே வந்தது. தொண்ணூறுகளில் அது உயர் அதிகாரிகளின் பொருள். 1997-இல் இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் பற்றிய உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் கணினிகளின் சுங்கவரி படிப்படியாக நீங்கியது. குர்கானிலும் நொய்டாவிலும் பெருகிய மென்பொருள் நிறுவனங்களும் கால்சென்டர்களும் ஊழியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தன. அவை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையவற்றை மொத்தமாகக் கழித்தன. அப்படி ஏலத்தில் விடப்பட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மடிக்கணினிகள் நேரு பிளேஸின் மாடிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அலுவலகங்களுக்கென்று செய்த இந்த மாடல்கள் கனமானவை, ஆனால் திறப்பதற்கு எளிதானவை. உற்பத்தியாளர்களே ஒவ்வொரு திருகாணியின் இடத்தையும் காட்டும் பராமரிப்புக் கையேடுகளை வெளியிட்டிருந்தார்கள். பழைய மடிக்கணினித் தொழிலின் உண்மையான மூலதனம் இந்த ரகங்கள்தான்.

இன்டெல் 2003 மார்ச்சில் சென்ட்ரினோ என்ற தொகுப்பின் பகுதியாகப் பென்டியம் எம் பிராசசரை வெளியிட்டபோது மடிக்கணினிக்கென்றே வடிவமைத்த பிராசசரும் பரவலான சாக்கெட்டும் ஒன்றாகக் கிடைத்தன. அதற்கு முன்பும் கழற்றத்தக்க பிராசசர்கள் இருந்தன; தொண்ணூறுகளின் இறுதியில் சில மாடல்களில் பிராசசர் தனிச் சிறு பலகையாகவே வந்தது. ஆனால் ஒரு மாடலின் பலகை இன்னொன்றில் பொருந்துவது அரிது. 2003-க்குப் பிறகு வெவ்வேறு நிறுவனங்களின் மடிக்கணினிகள் ஒரே வகைச் சாக்கெட்டைப் பயன்படுத்தின. ஒரு பிராண்டிலிருந்து கழற்றிய சிப் இன்னொரு பிராண்டில் ஏறியது. சந்தை உருவாக இதுவே போதுமானதாக இருந்தது.

2006 இந்தத் தொழிலின் பொற்காலத்தைத் திறந்த ஆண்டு. ஜனவரியில் கோர் டியோ வந்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் கோர் 2 டியோ வந்தது. இரண்டும் 'சாக்கெட் எம்' என்ற ஒரே சாக்கெட்டில் அமர்பவை. திங்க்பேட் டி60, டெல் லாட்டிட்யூட் டி620 போன்றவற்றில் 1.66 கிகாஹெர்ட்ஸ் டி2300 இருந்தால் அதைக் கழற்றிவிட்டு 2 கிகாஹெர்ட்ஸ் டி7200-ஐ ஏற்றலாம். தயாரிப்பாளர் தந்த பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பைப் போட்டால் கணினி அதை அடையாளம் கண்டுகொள்ளும். மாற்றத்தின் பயன் கடிகார வேகத்தோடு முடியவில்லை. கோர் டியோ 32 பிட் மட்டுமே. கோர் 2 டியோ 64 பிட். ஆகவே ஒரே கூடு, ஒரே திரை, ஒரே விசைப்பலகையோடு அந்தக் கணினி அடுத்த தலைமுறை இயங்குதளங்களுக்குத் தகுதி பெற்றது. 2007 ஜனவரியில் வந்த விண்டோஸ் விஸ்டா பழைய மடிக்கணினிகளைத் திணறடித்த நேரத்தில் இந்த வேலைக்குத் தேவை கூடியது.

ஆனால் சாக்கெட் தோற்றத்தில் ஏமாற்றும். 2007 மேயில் வந்த 'சாக்கெட் பி'யிலும் 478 முள்கள்தான். சாக்கெட் எம்மிலும் 478தான். அமைப்பும் மின் இணைப்பும் வேறு. எண்ணிக்கையை மட்டும் நம்பி வாங்கியவர்களின் சிப் உள்ளே இறங்காது. அழுத்தினால் முள் வளையும். சாக்கெட் பொருந்தினாலும், பிராசசரை மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்செட் ஒத்துக்கொள்ள வேண்டும். 965 சிப்செட் கொண்ட மடிக்கணினி 800 மெகாஹெர்ட்ஸ் பஸ் உள்ள பிராசசரை ஏற்கும். 2008-இல் வந்த 1066 மெகாஹெர்ட்ஸ் ரகங்களுக்கு அடுத்த சிப்செட் வேண்டும். அதற்கும் மேல் பயாஸ் இருக்கிறது. புதிய பிராசசரின் அடையாளம் பயாஸில் இல்லையென்றால் கணினி தொடங்காது, அல்லது குறைந்த வேகத்திலேயே ஓடும். சாக்கெட், சிப்செட், பயாஸ், வாட் ஆகிய நான்கையும் மாடல் வாரியாக மனப்பாடமாக வைத்திருந்தவரே நேரு பிளேஸில் நல்ல மெக்கானிக். அந்த அறிவு எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தும், தோற்றும், திரும்பச் செய்தும் அது கைவந்தது.

வேலை நடக்கும் விதத்தில் அவசரத்துக்கு இடமில்லை. மின்கலத்தை எடுத்து, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, பல மாடல்களில் விசைப்பலகையையும் மேல்தட்டையும் நீக்கினால்தான் ஹீட்சிங்க் தெரியும். அதன் மேல் திருகாணிகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில், ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். மேசைக்கணினி பிராசசருக்கு இருப்பதுபோல் மடிக்கணினி பிராசசருக்கு உலோக மூடி கிடையாது. சிலிக்கான் சில்லு வெறுமையாக இருக்கும். ஹீட்சிங்க் சாய்ந்து பட்டால் மூலை உடையும். சாக்கெட்டின் ஓரத்தில் இருக்கும் சிறு திருகை அரைச்சுற்றுத் திருப்பினால் பிடி தளர்ந்து பிராசசர் விடுபடும். புதியதை முக்கோணக் குறி பார்த்து வைத்து, அழுத்தாமல் இறக்கி, மீண்டும் அரைச்சுற்றுத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். வளைந்த முள்ளை ஊசி முனையாலோ பென்சில் முனைக் குழலாலோ நிமிர்த்திவிடும் கை பலருக்கு இருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. வேகமான பிராசசர் கூடுதல் மின்சாரம் இழுக்கும், இழுத்ததெல்லாம் வெப்பமாகும். மடிக்கணினியின் குளிர்விப்பு, அதில் முதலில் வைத்த பிராசசருக்கு அளந்து செய்தது. பிராசசர் மேம்பாடு என்ற பெயரில் நடந்த வேலையில் பாதிக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றும் வேலைதான்.

மடிக்கணினியில் வெப்பத்தை எடுத்துச் செல்வது வெப்பக்குழாய். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதற்குச் செயல்வடிவம் கொடுத்தார். விண்கலங்களுக்குப் பயன்பட்ட அந்த உத்தி தொண்ணூறுகளின் நடுவில் மடிக்கணினிக்குள் வந்தது. தட்டையாக்கிய செப்புக்குழாய்க்குள் காற்றை வெளியேற்றிவிட்டுச் சில துளி நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். பிராசசர் முனையில் ஆவியான நீர் மறுமுனைக்குச் சென்று, அங்கே செதில் செதிலாக இருக்கும் உலோகத் தகடுகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப நீராகும். குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பூச்சு அதைப் பிராசசர் முனைக்கு உறிஞ்சி வரும். ஃபேன் அந்தத் தகடுகளின் வழியே காற்றைத் தள்ளும். இந்தக் குழாயை வளைத்தாலோ நசுக்கினாலோ செயல் கெடும். வெளியே செம்பு பளபளப்பாக இருந்தும் உள்ளே நீர் வறண்டுபோன குழாய்களை, ஒரு முனையை வெந்நீரில் வைத்து மறுமுனை உடனே சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

எவ்வளவு நல்ல குளிர்விப்பானாலும் அது பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. முழு வேலையில் ஒரு பிராசசர் அறை வெப்பத்தைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று கொண்டால், 25 டிகிரி செல்சியஸ் அறையில் அது 85 டிகிரியில் நிற்கும். டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் வெளியே 45 டிகிரி அடிக்கும்போது ஏசி இல்லாத அறை 40 டிகிரியைத் தொடும். அதே கணினி அங்கே 100 டிகிரிக்குப் போகும். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கும் 100 முதல் 105 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கணினி அணைந்துவிடும். புதிய பிராசசர் போட்டும் கணினி பழையதைவிட மெதுவாக ஓடுகிறது என்று கோடையில் திரும்பி வந்த வாடிக்கையாளர்களின் குறைக்கு இதுவே காரணம். மிதமான அறை வெப்பத்தில் போதுமானதாக இருந்த குளிர்விப்பு, டெல்லிக் கோடையில் கைவசமிருந்த இடைவெளி முழுவதையும் இழந்துவிடுகிறது.

தூசு இதை இன்னும் மோசமாக்கியது. தார் பாலைவனத்திலிருந்து கோடையில் வீசும் புழுதிக்காற்று, ஓயாத கட்டட வேலை, குளிர்காலப் புகைமூட்டம் எல்லாம் சேர்ந்த காற்றைத்தான் டெல்லியின் மடிக்கணினி ஃபேன் உள்ளிழுக்கிறது. ஃபேனுக்கும் செதில்களுக்கும் இடையே தூசு கம்பளித் துண்டுபோல் படிந்து வழியை அடைத்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது; ஃபேனைக் கழற்றி, படிந்ததை உரித்து எடுக்க வேண்டும். புளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று அதன் தாங்கி கெடும். சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்து பொருக்காகிவிடும். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிய பேஸ்டைச் சிறிதளவு வைப்பது 'சர்வீஸ்' என்ற சொல்லின் சாரம். பேஸ்ட் அதிகமானால் நன்மை இல்லை. உலோகமும் சில்லும் நேராகத் தொட முடியாத நுண்ணிடைவெளிகளை நிரப்புவதே அதன் வேலை.

சிப்செட்டின் மேலிருக்கும் தெர்மல் பேடு பலரும் தவறவிடும் இடம். அது ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியை நிரப்பும் மெத்தென்ற பட்டை. அதைக் கிழித்துவிட்டு அங்கும் பேஸ்ட் வைத்தால் இடைவெளி நிரம்பாது. பிராசசர் குளிர்ந்தும் சிப்செட் கருகும். சரியான தடிமனில் பேடு கிடைக்காதபோது மெல்லிய செப்புத் தகட்டை வெட்டி இருபுறமும் பேஸ்ட் தடவி வைத்தார்கள். சில மாடல்களில் தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள ரகத்துக்கும் இல்லாத ரகத்துக்கும் வெவ்வேறு ஹீட்சிங்க் இருந்தது. முதல் ரகத்தில் செம்பு அதிகம். கழித்துப்போட்ட அந்த ரகத்திலிருந்து ஹீட்சிங்க்கை எடுத்து, கிராஃபிக்ஸ் இல்லாத கணினியில் புதிய பிராசசரோடு பொருத்துவது மெக்கானிக்குகளின் நல்ல உத்திகளில் ஒன்று. பிராசசருக்கான மின்னழுத்தத்தை மென்பொருளால் சிறிது குறைப்பதும் பலன் தந்தது. வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சிறு குறைப்பே பல டிகிரிகளை மிச்சப்படுத்தும்.

2008-இல் தொழில் வேறொரு பக்கமும் விரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினி கிராஃபிக்ஸ் சிப்கள் சிலவற்றின் உறைப்பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகிச் சூடாகிக் குளிரும் சுழற்சியில் சிப்பின் நுண் இணைப்புகள் விரிசல் விட்டன. திரை இருண்டுபோன மடிக்கணினிகள் டெல்லிக் கடைகளில் குவிந்தன. அந்தச் சிப்பைச் சூடான காற்றால் கழற்றி, அடியிலிருக்கும் நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுகளைப் புதிதாக வைத்துப் பற்றவைப்பதே ரீபாலிங். அதற்கான கருவிகளை வாங்கிப் போட்டவர்கள் பலர். சிப்பின் உள்ளேயே குறை இருந்ததால் பழைய சிப்பை மீண்டும் ஒட்டும் வேலை சில மாதங்களுக்கே தாங்கியது. புதிய சிப் வைத்தால்தான் நிலைத்தது. ஆனால் அந்தக் கருவிகளும் அந்தக் கைத்திறனும் பின்னால் வேறொன்றுக்கு உதவின.

இரண்டாம் தலைமுறை கோர் பிராசசர்கள் 2011-இல் வந்தபோது பிராசசர் மாற்றம் தன் உச்சத்தைத் தொட்டது. 'ஜி2' சாக்கெட்டில் இரட்டைக் கருவுள்ள 35 வாட் ஐ5-ம் அமரும், நான்கு கருவுள்ள 45 வாட் ஐ7-ம் அமரும். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஐ7-3632க்யூஎம் போன்ற நான்கு கருப் பிராசசர்கள் 35 வாட்டிலேயே வந்தன. திங்க்பேட் டி430-இல் அதை வைத்தால் குளிர்விப்பை மாற்றாமலே கணினியின் திறன் ஏறத்தாழ இரட்டித்தது. மடிக்கணினி மேம்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சிப் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 45 வாட் ரகத்தை வைத்தவர்களுக்கு ஹீட்சிங்க்கோடு 65 வாட் அடாப்டரையும் 90 வாட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

2013-இல் வந்த நான்காம் தலைமுறையோடு இன்டெல்லின் சாக்கெட் மடிக்கணினிப் பிராசசர்கள் முடிந்தன. அடுத்த தலைமுறை முழுவதும் பலகையில் பற்றவைத்தே வந்தது. 2011-இல் இன்டெல் முன்வைத்த அல்ட்ராபுக் வடிவம் அதற்கு வழி வகுத்திருந்தது. சாக்கெட் சில மில்லிமீட்டர் உயரத்தைத் தின்கிறது, விலையையும் கூட்டுகிறது. 15 வாட் பிராசசரை மெல்லிய கூட்டில் வைக்க அது தடை என்பது நிறுவனங்களின் வாதம். மெல்லிய மடிக்கணினிக்கு அந்த வாதம் செல்லும். கனமான அலுவலக மடிக்கணினியிலும் சாக்கெட்டை எடுத்துவிட்டதற்கு அது காரணமாகாது. வாங்கியவருக்கு இருந்த ஓர் உரிமை அங்கே பறிபோனது. அதற்கு ஈடாக அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ரேமையும் பற்றவைக்கத் தொடங்கியபோது இழப்பு இன்னும் பெரிதாயிற்று.

நேரு பிளேஸ் இதற்குத் தன் வழியில் ஈடுகொடுத்தது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வைப்பது பிராசசர் மாற்றத்தின் இடத்தைப் பிடித்தது. அன்றாட வேலைக்குப் பிராசசரைவிட அதுவே அதிக வேகம் தருகிறது என்பதும் உண்மை. ரீபாலிங் கற்றவர்கள் பலகைப் பழுதுக்கு வந்தார்கள். பிராசசர் கெட்டால் பலகையையே மாற்றுவது, அதே மாடலின் உயர்ந்த ரகப் பலகையை வாங்கிப் பழைய கூட்டில் வைப்பது, மூன்று நான்கு செத்த மடிக்கணினிகளின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றை உயிர்ப்பிப்பது என்று தொழில் உருமாறியது. சீனாவின் ஷென்செனில் 51என்பி என்ற ஆர்வலர் குழு பழைய திங்க்பேட் கூடுகளுக்குள் புதிய மதர்போர்டு செய்து வைத்தது இதன் உயர்ந்த வடிவம். டெல்லியில் நடப்பது அவ்வளவு நுட்பமானதல்ல. ஆனால் மாணவருக்கும் சிறுகடைக்காரருக்கும் புதியதன் விலையில் ஒரு பகுதிக்குக் கணினி கிடைப்பது அதனால்தான். 2010 அக்டோபரில் நேரு பிளேஸ் மெட்ரோ நிலையம் திறந்த பிறகு நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் எளிதில் வந்து போனார்கள்.

பாகங்கள் வந்த வழியைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. பலவும் வடகிழக்கு டெல்லியின் சீலம்பூரிலிருந்து வந்தன. அங்கே சிறு அறைகளிலும் தெருவோரத்திலும் கணினிகள் பிரிக்கப்படுகின்றன. வேலை செய்யும் பிராசசரும் ரேமும் தனியே எடுக்கப்பட்டு மறுவிற்பனைக்குப் போகும். எஞ்சிய பலகைகள் செம்புக்கும் தங்கத்துக்குமாக எரிக்கப்படும், அமிலத்தில் ஊறவைக்கப்படும். பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் அமைப்பு 2002-இல் வெளியிட்ட அறிக்கை இதே வேலை நடந்த சீனாவின் குயியூவோடு டெல்லியையும் உலகுக்குக் காட்டியது. டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பும் தொடர்ந்து இதை ஆவணப்படுத்தியது. ஈயப் புகையையும் அமில ஆவியையும் வெறுங்கையோடும் முகமூடியின்றியும் ஏற்றவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். மின்னணுக் கழிவு விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இலும் 2022-இலும் திருத்தி எழுதப்பட்டன. தயாரிப்பாளர் தன் பொருளின் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவற்றின் மையம். கழிவாகும் முன் பழுது நீக்கி நீட்டிப்பவரை அந்த விதிகள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. ஒரு மடிக்கணினி இன்னும் நான்கு ஆண்டு ஓடினால் அந்த நான்கு ஆண்டுகள் அது சீலம்பூரின் தீக்குப் போகாது.

2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையவாசலும் தொடங்கியது. பராமரிப்புக் கையேடும் அசல் உதிரிபாகமும் வெளியாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நேரு பிளேஸின் மெக்கானிக்குக்கு இவை இரண்டும் மிக அவசியம். 2006-இன் திங்க்பேடுக்குக் கிடைத்த கையேடு இன்றைய பல மாடல்களுக்குக் கிடைப்பதில்லை.

சாக்கெட் காலத்து மடிக்கணினிகள் இப்போது மென்பொருளாலும் ஓரங்கட்டப்படுகின்றன. 2021-இல் வந்த விண்டோஸ் 11, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசசர்களை, ஒரு சிலவற்றைத் தவிர, முறைப்படி ஏற்பதில்லை. சாக்கெட்டில் அமர்ந்தவை எல்லாம் நான்காம் தலைமுறையோடு முடிந்தவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் நின்றது. லினக்ஸ் அவற்றை இன்னும் நன்றாக ஓட்டுகிறது. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் ஏப்ரலுக்கு முன்பே ஃபேனைத் திறந்து சுத்தம் செய்து, பேஸ்டை மாற்றி, எஸ்எஸ்டி இல்லையென்றால் அதையும் போட்டுவிட வேண்டும். பிராசசர் மாற்றத்தை அதற்குப் பிறகு யோசித்தால் போதும். டெல்லிக் கோடையில் கணினியைக் காப்பது முதல் இரண்டு வேலைகள்தான்.